ஆதியண்ணன் கிட்ட சொல்லியிருக்கு

தன் உயிர் பிழைக்கவேண்டும் என்று புருஷன் வேண்டிக்கொண்ட நடையைத் தானே நடக்க நேர்ந்தால் எந்தப் பொம்பளைக்குத்தான் எரிச்சல் வராது? செண்பகத்துக்கு வந்தது. போன வருஷம் இதே வெயில் காலத்தில் அவளுக்குக் கர்ப்பப்பையை எடுத்தார்கள். எடுத்த இடத்தில் ரத்தம் நிற்கவில்லை. மூன்று நாள் நினைவில்லாமல் கிடந்தாள். அந்த மூன்று நாளும் யேசுதாஸ் ஐசியூ வாசலில் செருப்பு விடுகிற இடத்துக்குப் பக்கத்தில் குந்தியிருந்தான் என்றும், அங்கே இருந்தபடிதான் பழவேற்காடு மகிமை மாதாவுக்கு வேண்டிக்கொண்டான் என்றும் மகள் ஏஞ்சலின் பின்னால் சொன்னாள். பொண்டாட்டி பிழைத்தால் நடந்தே வருகிறேன், அவள் உயரத்துக்கு ஒரு மெழுகுவர்த்தி கொண்டுவந்து வைக்கிறேன் என்பது வேண்டுதல்.

மாதா தன் பங்கைச் செய்து ஒரு வருஷம் ஆகிவிட்டது. யேசுதாஸ்தான் பாக்கி வைத்திருந்தான். ஒரு மாசம் கம்பெனியில் ஆள் இல்லை என்பான், ஒரு மாசம் இரும்பு உருக்குகிற ஃபர்னேஸ் ரிப்பேர் என்பான். கடைசியில் இந்த வருஷத் திருவிழாவுக்கு, கும்மிடிப்பூண்டி அந்தோணியார் கோயில் பங்கே ஒன்றாக நடந்து போகலாம் என்று புதிதாக வந்த ஃபாதர் அறிவித்தார். வழக்கமாக வருஷத்துக்கு இருபது பேர் முப்பது பேர் போவார்கள். இந்தத் தடவை நூற்றிருபது பேர் பெயர் கொடுத்தார்கள். சனிக்கிழமை விடியற்காலை கிளம்பி, ராத்திரி திருப்பாலைவனத்தில் தங்கி, ஞாயிறு காலைப் பூசைக்குப் போய்ச் சேருவதாகத் திட்டம். முப்பத்தெட்டு கிலோமீட்டர்.

மெழுகுவர்த்தியையும் யேசுதாஸ்தான் சென்னை பாரிஸ் கார்னரில் சொல்லி வார்த்துக்கொண்டு வந்தான். ஐந்தரை அடி. செண்பகம் நாலே முக்கால் அடிதான்.

“இது யாரு உயரம்?” என்று கேட்டாள்.

“உன்னுதுதான்.”

“இருவத்திரண்டு வருசமா கூட குடும்பம் நடத்தறியே, நான் இம்மாம் உயரமாவா கீறேன்?”

“ஆஸ்பத்திரில படுத்துனு இருந்தப்போ நீளமா தெரிஞ்ச மே.”

அவள் சமையலறைக்குப் போய்விட்டாள்.

அவளுக்கு இன்னொரு காரணமும் இருந்தது. ஒரு மாதமாக அடிவயிற்றில் ஒரு இழுப்பு. கம்பெனி கேன்டீனில் ஷிஃப்ட்டுக்கு நானூறு சப்பாத்தி போடுகிறவள், நின்று நின்று வருகிற வலி என்றுதான் முதலில் நினைத்தாள். போன வாரம் இரண்டு நாள் துணியில் கறை பட்டது. கர்ப்பப்பையே இல்லாதவளுக்குக் கறை எங்கிருந்து வரும்? டாக்டரம்மா முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டு, திங்கட்கிழமை பத்து மணிக்கு ஸ்கேனுக்கு வரச் சொல்லிவிட்டார். மகளிடம் சொல்லவில்லை. புருஷனிடம் நாலு தடவை சொன்னாள். அவனும் நாலு தடவை “ம்” என்றான். செண்பகம் பெரிய பக்திக்காரி ஒன்றும் இல்லை. ஆனாலும் வேண்டுதல் ஒரு வருஷமாகத் திறந்து கிடக்கும்போது இப்படி ஒன்று வந்தால் மனசு சும்மா இருக்குமா? திங்கட்கிழமைக்கு முன்னால் அந்த நடை நடந்து முடிந்துவிட வேண்டும். வாயால் சொன்னவன் காலால் நடந்து முடிய வேண்டும். அவளுக்கு அது ஒன்றுதான் வேண்டியிருந்தது.

யேசுதாஸுக்கு வெள்ளி ராத்திரி ஷிஃப்ட். காலை ஆறு மணிக்கு முடியும். சனி ராத்திரி வார லீவு. கூட்டம் ஆறே காலுக்குக் கம்பெனி கேட்டைத் தாண்டும்போது அவன் சேர்ந்துகொள்வதாகவும், அதன்பிறகு செண்பகம் சாமான் டெம்போவில் ஏறி உட்கார்ந்து வருவதாகவும் ஏற்பாடு. அதுவரைக்கும் மெழுகுவர்த்தியை அவளும் ஏஞ்சலினும் மாற்றி மாற்றித் தூக்கி வந்தார்கள்.

கேட்டில் அவன் நின்றான். நீலச் சட்டை, மஞ்சள் ஹெல்மெட், முகமெல்லாம் கரி. தோளில் பை இல்லை. பை இல்லாததைப் பார்த்தவுடனேயே அவன் வரப்போவதில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

“ரிலீவர் வரல,” என்றான். “ஆதி மட்டும்தான் வந்துகிறான். ஃபர்னேஸ்ல ரெண்டு பேரு நிக்கணும். அவன ஒண்டியா உட்டுட்டு எப்பிடி வர்றது? உள்ள இரும்பு கொதிச்சிகினு கீது.”

“அப்ப வேண்டுதலு?”

“நீ மின்னால போய்க்கினே இரு. நான் பின்னாலயே வந்துர்றேன்.”

“எப்ப?”

“ஆளு வந்தா.”

“யாருய்யா வரணும்? பேரச் சொல்லு, போன் பண்ணிக் கேக்கறேன்.”

யேசுதாஸ் அவளைத் தாண்டி ரோட்டைப் பார்த்தான். ரோட்டின் எதிர்ப்பக்கமாக, பங்குப் பேரவைச் செயலாளர் பீட்டர் கையில் மைக் பிடித்தபடி கூட்டத்தை வேகமாகப் போகச் சொல்லிக்கொண்டிருந்தார். காலை நேரத்திலேயே வெயிலுக்குப் பயந்தவர் மாதிரி துண்டைத் தலைமேல் இழுத்து முக்காடு போட்டிருந்தார். அவருக்குப் பின்னால் சிலுவையைத் தூக்கிக்கொண்டு வந்த சாம்சனும் அதே மாதிரி முக்காடு. ஸ்டீவனும்.

“மெழுவத்திய வெயில்ல புடிக்காத,” என்று சொல்லிவிட்டு யேசுதாஸ் உள்ளே போனான்.

முப்பத்தெட்டு கிலோமீட்டரும் வெயிலில்தான் என்பதை யாரிடம் போய்ச் சொல்லுவது? ஏழு கிலோ மெழுகைத் தோளில் சாய்த்துக்கொண்டு செண்பகம் நடந்தாள். கனமான எதையும் தூக்கக்கூடாது என்று டாக்டரம்மா சொன்னது ஞாபகம் வந்தது. டெம்போவில் வைத்துவிடலாமா என்று பீட்டரைக் கேட்டாள்.

“டெம்போல வெச்சா வேண்டுதல் செல்லாதுக்கா. கைல எடுத்துனு போவணும். அதான் மொற,” என்று மைக்கிலேயே பதில் சொன்னார் பீட்டர். நூற்றிருபது பேருக்கும் கேட்டது.

கவரைப்பேட்டையில் நாஷ்டா. பொங்கல் அடிபிடித்திருந்தது. பெரிய அண்டாவில் பொங்கல் வைக்கும்போது கடைசியில் தீயை இழுத்துவிட வேண்டும் என்பது கேன்டீனில் கழுவுகிற பிள்ளைக்குக்கூடத் தெரியும். செண்பகத்தைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். கேட்கவில்லை. கருகல் வாசனையோடு இரண்டு கரண்டி சாப்பிட்டுவிட்டு மறுபடி ஹைவேயில் ஏறினார்கள். இரும்புச் சுருள் ஏற்றிய டிரெய்லர்கள் காதுக்குப் பக்கத்தில் போயின. ஒவ்வொரு வண்டி போகும்போதும் சூடான காற்று மேலே அடித்து, பின்னால் புழுதி வந்தது. “மரியே வாழ்க” என்று பீட்டர் மைக்கில் சொல்ல, பொம்பளைகள் புழுதியை வாயில் வாங்கிக்கொண்டு திருப்பிச் சொன்னார்கள்.

தச்சூர் கூட்ரோட்டில் திரும்பும்போது மணி ஒன்பதரை. ஏஞ்சலின்தான் முதலில் கவனித்தாள்.

“மா, மெழுவத்தி குனியுதுமா.”

மெழுகுவர்த்தி மேல்பக்கம் ஒன்றரை அடிக்கு வளைந்து, தலையைத் தொங்கப் போட்டிருந்தது. செண்பகம் நிமிர்த்தினாள். கையை எடுத்ததும் மறுபடி குனிந்தது. பார்த்துக்கொண்டு வந்த சின்னப் பெண்கள் சிரித்தார்கள். செண்பகத்துக்கு அழுகை வரும்போல இருந்தது. அழுவதற்குப் பதிலாக, “அந்த மனுசனுக்கு அளவும் தெரியாது, காலமும் தெரியாது,” என்று திட்டினாள்.

ஸ்டீவன் ஓடி வந்தான். கைவேலை தெரிந்தவன், நல்ல பிள்ளை, யேசுதாஸ் வேலைசெய்கிற அதே மெல்டிங் பிரிவில்தான் அவனும். ரோட்டோரத்தில் பாதி கட்டின வீட்டுக்குப் போய்க் கொத்தனாரிடம் கேட்டு ஆறடிக் கம்பி ஒன்று வாங்கி வந்தான். மெழுகுவர்த்தியைப் படுக்க வைத்து, ஐஸ் தண்ணீர் ஊற்றி நிமிர்த்தி, கம்பியோடு சேர்த்து வைத்து, தன் துண்டைக் கிழித்துக் கட்டத் தொடங்கினான். சாம்சனும் சிலுவையை ஒரு புளியமரத்தில் சாய்த்துவிட்டு வந்து பிடித்துக்கொண்டான். சாம்சனும் மெல்டிங்தான். இப்படி ஒத்தாசைக்கு வந்த பையன்களிடம் இரண்டு வார்த்தை அன்பாகப் பேசலாமே என்றுதான் செண்பகம் வாயைத் திறந்தாள்.

“ஏம்பா ஸ்டீவனு, உனுக்கு இந்த வாரம் காலை ஷிஃப்ட்டுதான? லீவு குத்தாங்களா?”

“லீவா? அந்தக் கம்பெனியா? கேக்கவே இல்லக்கா. ஆதியண்ணன் கிட்ட சொல்லியிருக்கு. எனக்குப் பதிலா அவுரு நிக்கறாரு.”

சாம்சன் நிமிர்ந்து பார்த்தான். “ஏய், ஆதியண்ணன் கிட்ட நான்தான்டா சொல்லிகீறேன்.”

“நீ ரெண்டு மணி ஷிஃப்ட்டுடா. நான் காலைக்குச் சொல்லிகீறேன்.”

“ரெண்டு மணிக்கு ஆதியண்ணனுக்கே ட்யூட்டி கீதேப்பா,” என்றாள் செண்பகம். “உனுக்குப் பதிலா அவரு எப்பிடி நிப்பாரு? ரெண்டு ஆளா நிப்பாரா?”

“இல்லக்கா, என் எடத்துக்கு வேற யாருனா பாத்து நிறுத்திக்கோன்னு சொன்னேன்.”

“அவரு இன்னா சொன்னாரு?”

“தலைய ஆட்டனாரு.”

ஆதிநாராயணன் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார் என்பது அந்த மெல்டிங் பூராவும் தெரிந்த விஷயம். செண்பகத்துக்கு உள்ளே ஒரு கணக்கு மெதுவாகக் கூடிக்கொண்டு வந்தது. காலை ஷிஃப்ட்டில் ஸ்டீவனோடு நிற்கிற இன்னொரு ஆள் யார் என்று யோசித்தாள். யோசிக்கவே வேண்டியதில்லை. இருபதடி தூரத்தில் மைக் பிடித்துக்கொண்டு நின்றார்.

“பீட்டரு,” என்று கூப்பிட்டாள். “இங்க வா. உன் ட்யூட்டிக்கு இன்னிக்கு யாரு நிக்கறாங்க?”

பீட்டர் மைக்கை அணைத்தார். காலையிலிருந்து அப்போதுதான் முதல் தடவையாக அணைத்தார்.

“ஆதி கிட்ட சொல்லியிருக்குக்கா,” என்றார்.

அந்த ஃபர்னேஸில் இப்படி ஒரு வழக்கம் இருந்தது. ஆதிநாராயணன் ஆடி மாசத்தில் பெரியபாளையத்தம்மன் கோயிலுக்குக் குடும்பத்தோடு போய் மூன்று நாள் தங்குவார். முதல் நாள் பீட்டர் அவர் இடத்தில் நிற்பார், இரண்டாம் நாள் ஸ்டீவன், மூன்றாம் நாள் சாம்சன். அதற்குப் பதிலாக இவர்களில் யார் மாதா கோயிலுக்குப் போனாலும் ஆதி நிற்பார். பேப்பர் கிடையாது, சூப்பர்வைசர் கிடையாது, ஒரு வாய்ச்சொல்தான். எத்தனையோ வருஷமாக ஒழுங்காக நடந்தது. ஏனென்றால் வருஷத்துக்கு ஒருத்தன்தான் போவான். இந்த வருஷம் பங்கே சேர்ந்து நடக்கலாம் என்று ஃபாதர் சொன்னதும், மூன்று பேரும் தனித்தனியாக ஆதியிடம் போய், ஆடியில் நான் உனக்கு நின்றேன் அல்லவா என்று ஞாபகப்படுத்திவிட்டு வந்திருக்கிறார்கள். மூன்று பேருக்கும் கடன்பட்டவர் யாரிடம் முடியாது என்பார்?

“ஆக,” என்றாள் செண்பகம், “காலைல வரவேண்டிய ரெண்டு பேரும் இங்க கீறீங்க. ரெண்டு மணிக்கு வரவேண்டியவனும் இங்க கீறான். எங்கூட்டுக்காரரு நேத்து ராத்திரி பத்து மணிக்குப் போனவரு. இன்னிக்கு ராத்திரி பத்து மணி வரைக்கும் அங்கயே நிக்கணும். அப்பிடித்தான?”

ஸ்டீவன் கம்பியில் அடுத்த முடிச்சைப் போட்டான்.

“கோயில்ல அஞ்சு மணிக்கு ஒர்த்தர ஒர்த்தர் பாத்தீங்கல்ல?”

“பாத்தோம்க்கா,” என்றான் ஸ்டீவன்.

“நீ இங்க கீறியே, அங்க யாரு கீறாங்கன்னு கேக்கலியா?”

ஸ்டீவன் முடிச்சைப் பார்த்துக்கொண்டே சொன்னான். “கேட்டா யாருனா ஒர்த்தன் திரும்பிப் போவணுமேக்கா.”

அவன் ஒருத்தனாவது உண்மையைச் சொன்னான். மற்ற இரண்டு பேரும் அதைக்கூடச் சொல்லவில்லை. கேட்டைத் தாண்டும்போது போட்ட முக்காடு எதற்கு என்று செண்பகத்துக்கு இப்போது விளங்கியது. காலையிலிருந்து கட்டியவனைத் திட்டித் தீர்த்தாயிற்று. திட்டு வாங்க வேண்டியவர்கள் பக்கத்திலேயே மரியே வாழ்க பாடிக்கொண்டு வந்திருக்கிறார்கள். யேசுதாஸும் கேட்டில் நின்று இவர்களைப் பார்த்தான், ஒரு பேரைச் சொல்லவில்லை. அந்தக் கோபம் தனி.

பொன்னேரிக்குப் பதினொன்றே முக்காலுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். தெரிந்தவர் ஒருத்தரின் கல்யாண மண்டபத்தில் மதிய ஓய்வு. சாம்பார் சாதமும் உருளைக்கிழங்கும் இறங்கின. செண்பகம் தட்டு வாங்கவில்லை. மூன்று பேரும் உட்கார்ந்திருந்த இடத்துக்குப் போய் எதிரில் குந்தினாள்.

“பன்னெண்டே முக்காலுக்குக் கும்மிடிப்பூண்டி வண்டி. ரெண்டு மணிக்குள்ள கேட்ல நிக்கலாம். யாரு போறீங்க?”

“நான் போனா கூட்டத்த யாருக்கா பாத்துக்கறது?” என்றார் பீட்டர். “ரோடு கிராஸ் பண்ணணும், போலீஸ்ல பேசணும், அல்லாம் நான்தான்.”

“ஸ்டீவனு?”

ஸ்டீவன் பதில் சொல்வதற்குள் அவன் பொண்டாட்டி ஷைனி தட்டிலிருந்து நிமிர்ந்தாள். “அஞ்சு வருசம் ஆச்சுக்கா எங்களுக்கு. ரெண்டு பேரும் சேந்து நடக்கணும்னு வேண்டிக்கினோம்.” பிள்ளைக்காக நடக்கிறவளின் புருஷனைத் திருப்பி அனுப்பினால் அந்தப் பாவம் வேறு சேரும்.

“சாம்சனு?”

“நான் சிலுவ தூக்கறேன்க்கா.”

“ஏன் தூக்கற?”

“குவைத்து விசாக்கு.”

“விசா வந்தா இந்தக் கம்பெனில இருக்கமாட்ட. அதுவரைக்கும் இருக்கணும்ல?”

“கால்ல கொப்புளம்க்கா. பாரு.”

“ஃபர்னேஸ்ல நிக்கறவருக்குக் கால் இல்லியா?”

அந்த நேரம் ஃபாதர் அந்தப் பக்கம் வந்தார். சின்ன வயசு, ஊருக்குப் புதுசு. செண்பகம் நடந்ததைச் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, “கடவுள் மனசைத்தான் பார்ப்பாரும்மா. உங்க வீட்டுக்காரருக்குப் பதிலா நீங்க நடந்தாலும் ஏத்துக்குவாரு,” என்றார்.

“அவரு ஏத்துக்குவாரு ஃபாதர். எனக்குத்தான் ஆவாது.”

பீட்டருக்கு வழி கிடைத்துவிட்டது. எழுந்து மைக்கைப் போட்டார். “அன்பானவங்களே, நம்ம யேசுதாஸ் அண்ணன் வேலை நிமித்தமா இந்தப் பயணத்துல கலந்துக்க முடியல. அவருக்காக இப்போ எல்லாரும் ஒரு செபமாலை...”

“பீட்டரு,” என்றாள் செண்பகம். சத்தம் போடவில்லை. ஆனால் மைக்குக்குப் பக்கத்தில் நின்றிருந்ததால் மண்டபம் முழுக்கக் கேட்டது. “செபமாலை அப்பால சொல்லலாம். வண்டி பன்னெண்டே முக்காலுக்கு.”

சாப்பிட்டுக்கொண்டிருந்த நூறு பேரும் கையை நிறுத்தினார்கள்.

“யாரும் போவலன்னா நான் போறேன். கேட்ல நின்னு சூப்பர்வைசர வெளிய கூப்பிடறேன். சார், உங்க ஆளுங்க மூணு பேரும் பொன்னேரி மண்டபத்துல உருளக்கெழங்கு துன்னுகினு கீறாங்க, அவங்க வேலைக்கு எங்கூட்டுக்காரர நிக்க வெச்சிகிறாங்கன்னு சொல்றேன்.”

“இன்னாக்கா, நம்ம ஆளுங்களுக்குள்ள இப்பிடி பேஜாரு பண்ற,” என்றார் பீட்டர்.

“நம்ம ஆளுன்னா அவரும் நம்ம ஆளுதான?”

சாம்சன் தட்டைத் தள்ளி வைத்தான். “காலைல கேட்ல அவுரு நம்மள பாத்தாருடா,” என்று ஸ்டீவனிடம் சொன்னான். “ஒரு வார்த்த சொல்லல.” பிறகு எழுந்து கையைக் கழுவிவிட்டு வந்தான். “குட்றா செருப்ப,” என்று ஸ்டீவனின் செருப்பை வாங்கி மாட்டிக்கொண்டான். “சிலுவைய யாரு தூக்கறது?”

“பீட்டரு தூக்குவாரு,” என்றாள் செண்பகம்.

“எனக்கு முட்டி வலிக்கா,” என்றார் பீட்டர்.

“மாதா பாத்துக்குவாங்க.”

இதற்கு மண்டபத்தில் பொம்பளைகள் சிரித்தார்கள். பீட்டர் மைக்கை ஏஞ்சலினிடம் கொடுத்தார்.

எல்லாரும் படுத்துவிட்டார்கள். செண்பகமும் சுவரோரமாகத் துண்டை விரித்துப் படுத்தாள். அடிவயிற்றில் அந்த இழுப்பு இப்போது நன்றாகவே தெரிந்தது. பக்கவாட்டில் சுருண்டு படுத்தால் கொஞ்சம் அடங்கியது. இரண்டு மணி ஆனது, இரண்டரை ஆனது. சாம்சன் கேட்டுக்குப் போனானா, இல்லை வழியில் இறங்கிவிட்டானா என்று ஒரு சந்தேகம். போன் போட்டால் யாரும் எடுக்க மாட்டார்கள், ஃபர்னேஸுக்குள் போனால் போன் லாக்கரில்தான் இருக்கும். இந்த ஆளுக்காக நூறு பேர் முன்னால் சண்டை போட்டாயிற்று. அவன் வந்தாலும் வரவில்லையென்றாலும் அவள் மானம்தான் போகும்போல இருந்தது.

மூன்றே முக்காலுக்கு யேசுதாஸ் வந்தான். கம்பெனிக் குழாயில் குளித்துவிட்டுக் காவி வேட்டி கட்டி, வெறுங்காலோடு ஸ்டேஷனிலிருந்து நடந்து வந்தான். காது மடலில் மட்டும் கரி ஒட்டியிருந்தது. செண்பகம் திட்டுவதற்கு எல்லாவற்றையும் வரிசைப்படுத்தி வைத்திருந்தாள். அவன் கண்ணைப் பார்த்ததும் பாதி மறந்துபோய்விட்டது.

“துன்னியா?” என்றாள்.

“ரயில்ல தூங்கிட்டேன். ஒரு ஸ்டேஷன் தாண்டிப் போயி திரும்பி வந்தேன்.”

எடுத்து வைத்திருந்த சாம்பார் சாதத்தைக் கொடுத்தாள். அவன் நாலு வாய் சாப்பிட்டு ஐந்தாவது வாயில் கையை அப்படியே வைத்துக்கொண்டு தூங்கினான். ஏஞ்சலின் தோளைத் தட்டி எழுப்பினாள்.

நாலு மணிக்குக் கிளம்பினார்கள். வெயில் முதுகுப் பக்கம் வந்துவிட்டது. முன்னால் பீட்டர் சிலுவையைத் தோள் மாற்றித் தோள் மாற்றி வைத்துக்கொண்டு தள்ளாடிப் போனார். ஏஞ்சலின் மைக்கில் அழகாகப் பாட்டை எடுத்துக் கொடுத்தாள். டெம்போ டிரைவர் இரண்டு தடவை கதவைத் திறந்து வைத்துக்கொண்டு செண்பகத்தைப் பார்த்தார். அவள் ஏறவில்லை. யேசுதாஸ் மெழுகுவர்த்தியைத் தோளில் வைத்துக்கொண்டு ரோட்டின் நடுப்பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து போனான். ஒவ்வொரு தடவையும் அவள் முழங்கையைப் பிடித்து ஓரத்துக்கு இழுத்தாள்.

“நடந்துகினே தூங்கற.”

“தூங்கல மே. கண்ண மூடிகினு நடக்கறேன்.”

“கேட்ல அவனுங்கள பாத்தல்ல? ஏன் சொல்லல?”

“சொன்னா நீ சும்மா உட்டுருப்பியா?”

“உட்டுருக்க மாட்டேன்.”

“அதான் சொல்லல.”

இரண்டு பக்கமும் அறுத்த வயல். ஒரு இடத்தில் இறால் குட்டையில் தண்ணீரை அடிக்கிற விசிறிகள் சுற்றிக்கொண்டிருந்தன. காற்றில் உப்பு வாசனை வந்தது.

“நீ ஏன் டெம்போல ஏறல?” என்றான் யேசுதாஸ்.

“நீ லாரில உழுந்துடுவன்னுதான்.”

அவன் மெழுகுவர்த்தியை மற்றத் தோளுக்கு மாற்றினான். பிறகு, “நீ நடக்கக்கூடாதுன்னுதான் நான் அத உன்கிட்ட சொல்லவே இல்ல,” என்றான்.

“எத?”

“வேண்டுதல்ல பாதிய.”

செண்பகம் நின்றுவிட்டாள். பின்னால் வந்தவர்கள் சுற்றிக்கொண்டு போனார்கள்.

“அவளும் நானும் நடந்து வர்றோம்னுதான் வேண்டிக்கினேன். அப்ப உனக்கு ஒடம்பு நல்லா ஆயிடும்ன்ற நெனப்புல வாயில வந்துடுச்சி. அப்பால டாக்டரம்மா உன்ன ரொம்ப நடக்க வுடாதன்னு சொல்லிச்சி. அதான், என் பங்கு மட்டும்னு உங்கிட்ட சொன்னேன்.”

“அப்ப என் பங்கு?”

“அதையும் நான்தான். போறப்ப என் நடை, வர்றப்ப உன் நடை. நாளைக்குப் பூச முடிஞ்சதும் அல்லாரும் பஸ்ல திரும்புவாங்க, நான் மட்டும் நடந்து வரலாம்னு இருந்தேன்.”

“நாளைக்கு ராத்திரி உனுக்கு ட்யூட்டி.”

“ஆதி கிட்ட சொல்லியிருக்கு.”

செண்பகம் அவனையே பார்த்தாள். காலையிலிருந்து அந்த வார்த்தையை அவள் நாலாவது வாயிலிருந்து கேட்கிறாள். இன்றைக்கும் நாளைக்குமாக இவர்களுக்காக ஒரு மனுஷன் எத்தனை ஷிஃப்ட்டுக்குத் தலையாட்டியிருக்கிறார் என்று நினைத்ததும் சிரிப்பு வந்தது. முப்பத்தெட்டு கிலோமீட்டரை இரண்டு தடவை நடந்துவிட்டு வந்து நிற்க வேண்டும் என்று யாருக்கும் சொல்லாமல் ஒரு வருஷமாக ஒருத்தன் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறான். அந்த ஆளைத்தான் ஒரு வருஷமாக ஏமாற்றுகிறான் என்று திட்டியிருக்கிறாள். கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

“போன குடு,” என்றாள்.

“ஆதி எடுக்க மாட்டான். லாக்கர்ல இருக்கும்.”

“குடுன்னா குடு.”

வாங்கி, ஆதிநாராயணன் பெயரைத் தேடி, வாய்ஸ் மெசேஜை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். “அண்ணா, நான் செண்பகம் பேசறேன். ஏஞ்சலின் அம்மா. நாளைக்கு ராத்திரி நீங்க இவருக்காக வரவேணாம். இவரே வருவாரு. நீங்க ஊட்ல நல்லா தூங்குங்க. அப்பால, இந்த ஆளுங்க யாரு வந்து கேட்டாலும் முடியாதுன்னு சொல்லக் கத்துக்கோங்கண்ணா.”

யேசுதாஸ் பதறினான். “இன்னா மே பண்ணிட்ட? அப்ப உன் நடை?”

“என் நடையத்தான் காலைல அஞ்சு மணிலர்ந்து நடந்துகினு கீறேன்.”

“என்னுதுல பாதி கொறையுதே. பொன்னேரி வரைக்கும் நான் நடக்கலியே.”

“அந்த நேரத்துல நீ எங்க இருந்த? காலாட்டிகினு குந்தினு இருந்தியா? மூணு பேரு வேலைக்கு நெருப்புக்கு முன்னால நின்ன. அதையும் சேத்துக்கச் சொல்லி மாதா கிட்ட நான் பேசிக்கறேன். என் உசுருக்குதான வேண்டிக்கின? நான் சொன்னா கேப்பாங்க.”

அவன் ஏதோ சொல்ல வந்தான். அவள் விடவில்லை.

“நாளைக்கு அல்லார்கூடயும் பஸ்ல வா. ட்யூட்டிக்குப் போ. காலைல ஆறு மணிக்கு முடிச்சிட்டு, குளிச்சிட்டு நேரா ஆஸ்பத்திரிக்கு வா. எனக்கு அதான் வேணும். நடந்தது போதும்.”

“ஸ்கேன் ரூமுக்குள்ள என்ன உடமாட்டாங்களே.”

“வெளிய குந்து. தூங்கறதுனா தூங்கு. நான் வெளிய வர்றப்ப நீ அங்க இருக்கணும். எனக்கு பயமா கீதுய்யா.”

இதை அவள் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. சொன்ன பிறகு ரோட்டைப் பார்த்து நடந்தாள். யேசுதாஸ் வேகமாக வந்து சேர்ந்துகொண்டான். முன்னால் யாரோ ஒருத்தர் பீட்டரிடமிருந்து சிலுவையை வாங்கிக்கொண்டார்.

“எத்தினி மணிக்குன்ன?” என்றான்.

“பத்து மணிக்கு,” என்றாள் செண்பகம், ஐந்தாவது தடவையாக.